மண்டபத்தில் ஒரு மேசை

ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடியிலிருந்து சென்னைக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி பஸ் ஏறினால் விடிந்துதான் போய்ச் சேரலாம். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னாருக்கு இருப்பதோ ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல். ஆனாலும் இந்தக் கரையில் இருக்கும் ஒருவருக்கு இலங்கை அரசின் முத்திரை விழுந்த ஒரு தாள் வேண்டுமென்றால், எதிரே இருக்கும் அந்த நாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே நுங்கம்பாக்கம் வரை போயாக வேண்டும். இலங்கையின் துணைத் தூதரகம் அங்கேதான் இருக்கிறது. காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் அதைத் துணை உயர் ஆணையம் என்று சொல்லிக்கொள்ளும். ஊரில் எல்லாமே எம்பசிதான்.

டெல்லியில் சாணக்கியபுரி என்று ஒரு பகுதியையே வெளிநாட்டுத் தூதரகங்களுக்காக ஒதுக்கிக் கொடுத்தார்கள். சென்னையில் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று ஒரு வரிசையே இருக்கிறது. தைவான்கூட 2012-ல் ஒரு மையத்தைத் திறந்தது. ஏன் சென்னை என்று கேட்டால் விடை சுலபம்: ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார்த் தொழிற்சாலைகள் இருக்கின்றன, துறைமுகம் இருக்கிறது, விசா கேட்டு வரிசையில் நிற்கும் மாணவர்களும் மென்பொருள்காரர்களும் இருக்கிறார்கள். தூதரக அலுவலகம் வியாபாரத்தின் பின்னால் போவது இன்று நேற்றல்ல. அமெரிக்கா தனி நாடான புதிதிலேயே, 1794-ல், வில்லியம் அபட் என்ற வணிகர் மதராசில் அந்நாட்டுக்குத் தூதரக முகவராக நியமிக்கப்பட்டார். கப்பல் வந்தது, கணக்குப் பார்க்க ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விசாவும் வியாபாரமும் தூதரக வேலையில் ஒரு பாதி. இன்னொரு பாதி சிறை, சாவு, பிறப்புச் சான்று, தொலைந்த பாஸ்போர்ட், ஊர் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்ட ஆள். அந்தப் பாதியைக் கணக்கெடுத்தால் தமிழ்நாட்டில் ராமநாதபுரம் மாவட்டம் முன்வரிசையில் நிற்கும் என்பது என் கணிப்பு. கடலில் பிடிபடுகிறவர்கள், வளைகுடாவுக்குப் போனவர்கள், இலங்கையிலிருந்து வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் என மூன்று கூட்டமும் ஒரே கரையில் இருக்கின்றன. அவர்களுக்கென்று ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு முத்திரை இந்த மாவட்டத்தில் எந்த நாட்டின் பெயராலும் இல்லை.

சாயல்குடிப் பக்கத்து நிலத்தைப் பார்த்தால் ஏன் இத்தனை பேர் கடல் கடந்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மானாவாரி வெள்ளாமை, பனை, கருப்பட்டி, சீமைக் கருவேலை வெட்டிப் போடும் கரிமூட்டம். இவற்றை விட்டால் மூக்கையூர், ரோச்மாநகர், வாலிநோக்கம், நரிப்பையூர்க் கடல். அதையும் விட்டால் சவுதி, துபாய், குவைத், கத்தார். கீழக்கரைக்காரர்கள் கடல்வணிகத்தில் பழகிய குடும்பங்கள். அவர்களுக்குப் போன இடத்திலெல்லாம் ஒரு ஆள் இருப்பார். கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து முதல் தலைமுறையாக விமானம் ஏறிய கட்டடத் தொழிலாளிக்கும் ஓட்டுநருக்கும் அப்படி யாருமில்லை. ஊரில் ஏஜென்ட், அங்கே கபீல் எனும் பொறுப்பு முதலாளி. இடையில் ஏதாவது ஆகிவிட்டால் எம்பசி.

ஏதாவது ஆகிவிட்டால் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒருவர் ரியாத்தில் மாரடைப்பில் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடலை ஊருக்கு அனுப்ப அங்குள்ள காவல்துறை, மருத்துவமனை, வேலை கொடுத்தவர் என எல்லோரிடமிருந்தும் தாள் வர வேண்டும். இந்தியத் தூதரகம் இறப்பைப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டை ரத்துசெய்து, தடையில்லாச் சான்று தர வேண்டும். அதற்கு முன்னால் இங்கிருந்து வாரிசின் ஒப்புதல் கடிதம் போக வேண்டும்: உடலை அனுப்புங்கள் என்றோ, அங்கேயே அடக்கம் செய்யுங்கள் என்றோ எழுதி, கையெழுத்திட்டு, சான்றொப்பம் வாங்கியது. இந்தத் தாளை என்ன வாசகத்தில் எழுதுவது, யாரிடம் ஒப்பம் வாங்குவது, எந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்து ஊரில் ஏற்கெனவே இப்படி ஒரு சாவைப் பார்த்த ஒருவரைத் தேடிப் போவார்கள். பிறகு திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில், கைக்குழந்தையோடு வரிசையில் நிற்பார்கள். அந்த மனு சென்னைக்குப் போய், அங்கிருந்து டெல்லி வழியாகவோ நேராகவோ தூதரகத்துக்குப் போகும். பதில் திரும்பிவரும்போது, எந்தத் தாள் குறைகிறது என்ற செய்தியும் சேர்ந்தே வரும். மறுபடி முதலிலிருந்து.

வழி இல்லாமல் இல்லை. 2009 முதல் இந்தியத் தூதரகங்களிடம் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. யாருமில்லாதவரின் உடலை அனுப்பும் செலவை அதிலிருந்து ஏற்கலாம். 2015 முதல் ‘மதத்’ என்ற இணையதளம் இருக்கிறது. புகாரைப் பதிவு செய்து எண் வாங்கலாம். இருப்பது தெரிந்தவருக்குத்தானே வழி? பனையேறியவரின் மகள் கடவுச்சொல் போட்டு உள்நுழைந்து, கோப்பை ஏற்றி, தினமும் நிலவரம் பார்ப்பாள் என்று நினைத்துத்தான் இவையெல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன.

அரசு மனம் வைத்தால் வேகமும் வருகிறது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்ததில் நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாண்டார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் 7 பேர். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். இரண்டே நாளில் விமானப்படை விமானம் 45 உடல்களோடு கொச்சியில் இறங்கியது. ஒன்றிய இணை அமைச்சர் குவைத்துக்கே போயிருந்தார். அதே குவைத்தில் அதற்கு முந்தைய மாதமோ பிந்தைய மாதமோ தனியாக இறந்த ஒருவரின் வீட்டார் இந்த இரண்டு நாள் கணக்கைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? சட்டம் ஒன்று, தூதரகம் ஒன்று, தாள்களும் ஒன்றுதான். அன்றைக்கு ஒவ்வொரு தாளின் பின்னாலும் ஒரு அதிகாரி ஓடினார்.

தாள் பற்றிப் பேசும்போது இன்னொன்று. திருமணச் சான்றோ பட்டமோ வெளிநாட்டில் செல்ல வேண்டுமானால் சான்றொப்பம் வேண்டும். 2005-ல் இந்தியா சேர்ந்த ஹேக் உடன்படிக்கையின்படி, அதில் உறுப்பினராக உள்ள நாடுகளுக்கு அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை போதும். ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார் ஆகியவை அதில் சேரவில்லை. ஆகவே மாநில அரசின் முத்திரை, வெளியுறவு அமைச்சக முத்திரை, பிறகு அந்நாட்டுத் தூதரக முத்திரை என்று மூன்று படி ஏற வேண்டும். அமீரகம் 2016-ல் திருவனந்தபுரத்தில் துணைத் தூதரகம் திறந்தது. கேரளத்தில் நோர்க்கா என்று வெளிநாடுவாழ் மலையாளிகளுக்காக 1996-லேயே தனித் துறை வந்துவிட்டது. மாவட்டங்கள்தோறும் அதன் கிளை இருக்கிறது. நாம் ஆண்டுதோறும் ஜனவரி 12-ல் அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறோம். கொண்டாடட்டும், நல்லதுதான். மேடையில் வரவேற்கப்படும் அயலகத் தமிழரும் ரியாத்தில் கபீலிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு நிற்கும் அயலகத் தமிழரும் வேறு வேறு ஆட்கள் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும்.

மீனவர்கள் வளைகுடாவுக்குப் போவது வெளியே அவ்வளவாகத் தெரியாத கதை. பஹ்ரைனிலும் சவுதியிலும் ஈரானிலும் நம் கரைக்காரர்கள் அந்நாட்டு முதலாளிகளின் படகுகளில் தொழில் செய்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது ஈரானில் மாட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான தமிழக மீனவர்கள் மாதக்கணக்கில் படகுகளிலேயே கிடந்தார்கள். ஜூலை 1 அன்று ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 700 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. பந்தர் அப்பாஸில் இந்தியாவுக்கு ஒரு துணைத் தூதரகம் இருக்கிறது. டெஹ்ரானில் மட்டும் தூதரகம் இருந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் துறைமுகத்தில் யாருமே இல்லாதிருந்தால், படகு படகாகப் போய் ஆட்களைக் கணக்கெடுத்திருப்பது யார்? ஆபத்து நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அலுவலகம் இருப்பதன் அருமை அங்கே தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் இருப்பது, ராமேஸ்வரத்தில் இல்லாதது

அந்த அருமையை இந்திய அரசு இன்னொரு இடத்திலும் உணர்ந்திருக்கிறது. போர் முடிந்த அடுத்த ஆண்டு, 2010 நவம்பரில், யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் இந்தியத் துணைத் தூதரகங்கள் திறக்கப்பட்டன. அம்பாந்தோட்டைக்குக் காரணம் சீனாவின் துறைமுகம் என்று வெளிப்படையாகவே பேசப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு வீட்டுத் திட்டம், புனரமைப்பு என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. ஆனால் திறந்த நாள் முதல் அந்த அலுவலகத்தின் மேசையில் ஓயாமல் விழும் கோப்பு ராமநாதபுரம், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் மீனவர்களுடையது.

படகு பிடிபட்டால் காங்கேசன்துறைக்கோ மன்னாருக்கோ கொண்டுபோகிறார்கள். ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, மன்னார், கிளிநொச்சி நீதிமன்றங்களில் ஒன்றில் நிறுத்துகிறார்கள். அங்கிருந்து யாழ்ப்பாணம், வவுனியா சிறைகள். தூதரக அதிகாரிகள் சிறைக்குப் போய்ப் பார்க்கிறார்கள், துணிமணி கொடுக்கிறார்கள், வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறார்கள். விடுதலை ஆனதும் கொழும்புக்குப் பக்கத்தில் மிரிஹான முகாமில் வைக்கிறார்கள். கடலுக்குப் போனவரிடம் பாஸ்போர்ட் ஏது? எனவே இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுத்தால்தான் சென்னைக்கு விமானம் ஏறலாம். வாழ்க்கையில் முதல் விமானப் பயணமே ஜெயிலிலிருந்து வீட்டுக்கு என்று சொல்லிச் சிரிப்பவர்கள் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் உண்டு.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை 1963-ன் வியன்னா உடன்படிக்கை. வெளிநாட்டவர் ஒருவரைக் கைது செய்தால், அவர் கேட்டுக்கொண்டால், தாமதமின்றி அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும். அதிகாரிகள் சிறையில் சந்திக்கலாம், வழக்கறிஞர் ஏற்பாடு செய்யலாம் என்கிறது அதன் 36-வது பிரிவு. இதே பிரிவை வைத்துத்தான் பாகிஸ்தான் சிறையில் வைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் அந்நாட்டுக்கு எதிராக இந்தியா ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஜூலை 17 அன்று வெற்றியும் பெற்றது. பாகிஸ்தான் அங்கே மறுத்ததை இலங்கை மறுப்பதில்லை. நம் அதிகாரிகள் சிறைக்குள் போகவே முடிகிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வது நியாயம்.

மற்றது என்னவென்றால், அந்தப் பிரிவில் அரசு இருக்கிறது, தூதரகம் இருக்கிறது, கைதி இருக்கிறார். வீடு இல்லை. கைதியின் மனைவிக்கு யார், எப்போது, என்ன சொல்ல வேண்டும் என்று எந்த உடன்படிக்கையும் பேசவில்லை. இந்தியச் சட்டமும் பேசவில்லை. படகு வராத காலையில் ராமேஸ்வரம் துறைமுகத்தில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். முதல் தகவல் பக்கத்துப் படகுக்காரரிடமிருந்து வரும். அடுத்தது மீனவர் சங்கத் தலைவரின் வாட்ஸ்அப். பிறகு தொலைக்காட்சியில் ஓடும் எழுத்து. அதில் ஆள் எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. யாழ்ப்பாணத்தில் நம் அதிகாரி சிறையில் ஆளைப் பார்த்து, பெயரை எழுதி, நலமாக இருக்கிறார் என்று கொழும்புக்கும் டெல்லிக்கும் அனுப்பியிருப்பார். அந்தத் தாள் டெல்லியிலிருந்து சென்னைக்கும் சென்னையிலிருந்து ராமநாதபுரத்துக்கும் வந்து சேர்வதற்குள், காவல் நீட்டிப்பு ஒருமுறை முடிந்திருக்கும்.

வழக்குகளும் முன்போல இல்லை. இலங்கை 2017-ல் இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. படகோட்டிக்கும் இரண்டாம் முறை பிடிபட்டவருக்கும் இப்போது மாதக்கணக்கில் சிறைத்தண்டனை விழுகிறது. 2024-ல் மட்டும் கைதான இந்திய மீனவர்கள் 500-ஐத் தாண்டினார்கள். முன்பெல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் எல்லோரும் மொத்தமாக விடுதலையாகி வருவார்கள். இப்போது யார் வருவார், யார் தண்டனைக் கைதி, யாருக்கு அபராதம், கட்டாவிட்டால் எத்தனை மாதம் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. சட்ட மொழியில் எழுதிய தீர்ப்பை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் கெடு என்று தெரிய வேண்டும். இவை அரசியல் கோரிக்கைகள் அல்ல. ஒரு எழுத்தரும் ஒரு வழக்கறிஞரும் செய்து முடிக்கக்கூடிய வேலை.

இலங்கை மட்டுமல்ல. சாயல்குடிக்குத் தெற்கே, வேம்பாரையும் தாண்டினால் தருவைகுளம். அங்கிருந்து ஆழ்கடலுக்குப் போன படகு ஒன்றை 2023 அக்டோபரில் மாலத்தீவு பிடித்துக் கோடிக்கணக்கில் அபராதம் போட்டது. அந்த வழக்குக்கு மாலேயில் உள்ள இந்தியத் தூதரகம். மீனவர் பார்வையில் எல்லாம் ஒரே கடல். தாள்கள் மட்டும் நாட்டுக்கு நாடு வேறு வேறு வாசலுக்குப் போகின்றன.

இழுவைமடி பற்றிப் பேசாமல் தூதரகத்தைப் பற்றி மட்டும் பேசுவது நழுவல் என்று யாழ்ப்பாணத்து மீனவர் சொல்லலாம். சொன்னால் சரிதான். அவருடைய வலையை அறுத்துக்கொண்டு போகும் விசைப்படகுக்கு எந்தத் துணைத் தூதரகமும் நியாயம் கற்பிக்க முடியாது. கடல் யாருக்கு எவ்வளவு என்பது அமைச்சர்களும் மீனவர்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய சண்டை. தீர எத்தனை ஆண்டு ஆகுமோ. அதுவரை சிறைக்குள் இருப்பவரின் பெயர் வீட்டுக்குத் தெரிய வேண்டாமா என்பதுதான் இங்கே கேள்வி. எல்லை தாண்டியவர் தப்பு செய்தவராகவே இருக்கட்டும். தூதரகம் என்ற ஏற்பாடே அப்படிப்பட்டவருக்கும் சேர்த்துத்தான் உண்டானது.

இலங்கை அரசின் முகாம் மண்டபத்தில் இருந்த காலம்

வெளிநாட்டு அலுவலகம் ஒன்றை டெல்லியையும் சென்னையையும் விட்டு இந்த மூலைக்குக் கொண்டுவர முடியுமா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. வெளிநாட்டு அரசு ஒன்று இந்த மாவட்டத்தில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருக்கிறது.

1914-ல் பாம்பன் பாலம் திறந்து ரயில் தனுஷ்கோடி வரை போன பிறகு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் போகும் வழி மாறியது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். ஆட்களைத் திரட்ட, தோட்ட முதலாளிகளின் பணத்தில் நடந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையம் திருச்சியில் 1904 முதல் இயங்கிவந்தது. கங்காணிகள் கூட்டிவந்தவர்களை நேரே கப்பலில் ஏற்றிவிட முடியாது. காலராவும் அம்மையும் பிளேக்கும் தோட்டத்துக்குப் போய்விடும் என்ற பயம். அதற்காக மண்டபத்தில் இலங்கை அரசு முகாம் நடத்தியது. இந்திய மண், இலங்கை அரசின் மருத்துவர்கள், எழுத்தர்கள், பதிவேடுகள். நாட்கணக்கில் தங்கவைத்து, அம்மை குத்தி, துணியை வேகவைத்து, பெயரைப் பதிந்து, பிறகுதான் ரயிலில் ஏற்றுவார்கள். மண்டபம் கேம்ப் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வந்தது இப்படித்தான்.

இதை ஒரு பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த முகாம் தொழிலாளியின் நலனுக்காகக் கட்டப்பட்டதல்ல. தோட்டத்துக்கு நோயில்லாத கூலி வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டது. போகிறவரை எண்ணியது, போன பிறகு என்ன ஆனார் என்று கேட்கவில்லை. அதைக் கேட்க 1922-ன் இந்தியக் குடியேற்றச் சட்டம் வர வேண்டியிருந்தது. மறு ஆண்டு, இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டிக்குப் போய் அமர்ந்தார்; கொழும்பில் அல்ல, தோட்டங்களின் நடுவில். கூலி பாக்கி, அடி உதை, பற்றுச்சீட்டுத் தகராறு என்று தொழிலாளி நடந்துபோய்ச் சொல்லக்கூடிய தூரத்தில் ஒரு அலுவலகம். சுதந்திரத்துக்கு முன்பே நம்மவருக்கென்று வெளிநாட்டில் வைத்த தொடக்ககால அலுவலகங்களில் ஒன்று அது. கண்டியில் இந்தியாவின் உதவி உயர் ஆணையம் இன்றும் இருக்கிறது. 1939 ஆகஸ்டில், இலங்கை அரசு இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நீக்கியதற்கு எதிர்வினையாக, இந்தியா அங்கே தொழிலாளர் போவதையே தடுத்துவிட்டது.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று மனிதர்களை மூட்டை பிரிப்பதுபோல் பிரித்தார்கள். அந்த மக்கள் கண்டியில் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். இறங்கியவர்களுக்கு மண்டபம் முகாம் முதல் தங்குமிடம் ஆனது. பாட்டன் தடுப்பூசி குத்திக்கொண்டு போன அதே இடத்தில் பேரன் குடும்ப அட்டை வாங்கிக்கொண்டு நீலகிரிக்கோ வேறெங்கோ போனான். 1983-க்குப் பிறகு அகதிகள். 2022 மார்ச்சிலிருந்து, பொருளாதாரம் சரிந்தபோது, தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்கள். எல்லோருக்கும் அதே மண்டபம்.

தமிழகம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இன்று ஏறத்தாழ 58,000 இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். 2021-ல் அவற்றுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டுமானால் பிறப்பைச் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். பெற்றோரின் பிறப்புச் சான்று, திருமணப் பதிவு எல்லாம் கேட்பார்கள். அவை வவுனியாவிலோ மன்னாரிலோ எரிந்துபோன ஏதோ ஒரு கச்சேரியில் இருந்திருக்கும். பல பிள்ளைகளுக்கு இந்தப் பதிவு நடந்ததே, சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் கூடவே நின்று ஓடியதால்தான். ஊர் திரும்ப வேண்டுமென்றால் அங்கிருந்து பயண ஆவணம், இங்கிருந்து வெளியேறும் அனுமதி, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவி.

இத்தனையும் செய்து போனாலும் தாள் கைவிடுவதுண்டு. 2025 மே மாதம், ஐ.நா. ஆணையத்தின் ஏற்பாட்டில் ஊர் திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் வைத்துக் கைது செய்தார்கள். முன்பு நாட்டை விட்டுச் சட்டப்படி வெளியேறவில்லை என்பது குற்றச்சாட்டு. குண்டு விழும்போது படகேறியவர் எந்தக் கவுன்டரில் முத்திரை வாங்கியிருக்க முடியும்? எதிர்ப்புக் கிளம்பியதும் பிணை கிடைத்தது. இப்படிப்பட்டவர்களுக்காக விதியை மாற்றுவோம் என்று அங்குள்ள அமைச்சரும் சொன்னார். துணைத் தூதரகமும் குடிவரவுத் துறையும் முன்கூட்டி ஒரு கடிதம் பரிமாறியிருந்தால் அந்த முதியவர் நேரே வீட்டுக்குப் போயிருப்பார்.

என்ன கேட்கலாம்

தூதரகம் ஒன்றைப் பளிங்குக் கட்டடமாக ராமநாதபுரத்தில் கட்டுங்கள் என்று கேட்பது கேலிக்கூத்து. எந்த நாடும் அப்படிச் செலவு செய்யாது. கேட்கக்கூடியது சிறியது.

இலங்கைத் துணைத் தூதரகம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டியே நாள் அறிவித்து, மண்டபத்தில் முகாம் நடத்தலாம். பிறப்புப் பதிவு, பாஸ்போர்ட் விண்ணப்பம், ஊர் திரும்புவோருக்கான ஆவணம் ஆகியவற்றை அங்கேயே முடிக்கலாம். இது புதுமை அல்ல. ஓமானிலும் சவுதியிலும் நம் தூதரகங்களே வாரவிடுமுறை நாட்களில் தொலைவான ஊர்களுக்குப் போய்த் தொழிலாளர்களுக்கு இத்தகைய முகாம் நடத்துகின்றன. வெளிநாட்டு அதிகாரி கடலோரப் பாதுகாப்புப் பகுதிக்கு வருவதற்கு டெல்லியின் அனுமதி வேண்டும்; டெல்லி தயங்கும். 2024 ஆகஸ்டில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியபோது குடிவரவு, சுங்கம், பாதுகாப்பு என எல்லாத் தயக்கமும் தீர்ந்தனவே. பயணி டிக்கெட் வாங்கினால் தீரும் தயக்கம் அகதிக்கும் தீரத்தான் வேண்டும்.

இந்தியப் பக்கம் வேலை இதைவிடச் சுலபம். சென்னையில் வெளியுறவு அமைச்சகத்துக்குக் கிளைச் செயலகம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு அதிகாரியை ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் அமர்த்த வேண்டும். யாழ்ப்பாணம், கொழும்பு, மாலே, ரியாத், துபாய், குவைத், மஸ்கட் ஆகிய இடங்களோடு அவர் நேரடித் தொடர்பில் இருக்க வேண்டும். திங்கள்கிழமை மனு அன்று மாலையே உரிய தூதரகத்துக்குப் போக வேண்டும். மீன்வளத் துறையிடம் படகுப் பதிவும் டோக்கன் கணக்கும் இருக்கின்றன. அன்று கடலுக்குப் போனவர் பட்டியலையும் யாழ்ப்பாணத்தில் எடுத்த கைதிப் பட்டியலையும் ஒத்துப் பார்த்து, வீடு வீடாகப் போன் செய்து சொல்ல ஒரு நாள் வேலை போதும். இப்போது அதைச் செய்வது யாருடைய கடமையும் இல்லை என்பதால் யாரும் செய்வதில்லை.

மாநில அரசும் ஒதுங்கி நிற்க முடியாது. வெளியுறவு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, நாங்கள் கடிதம்தான் எழுத முடியும் என்பது கட்சி வேறுபாடில்லாமல் எல்லா ஆட்சியிலும் கேட்ட பதில். கேரளத்துக்கும் அதே அரசியல் சட்டம்தான். நோர்க்கா எந்த நாட்டோடும் ஒப்பந்தம் போடவில்லை. மனு எழுதித் தருகிறது, ஆம்புலன்ஸ் அனுப்புகிறது, சான்றொப்பத்துக்கு வழிகாட்டுகிறது. அயலகத் தமிழர் நலத்துறையின் கிளையைக் கடலாடி வட்டத்தில் திறக்கப் பிரதமரின் அனுமதி தேவையில்லை.

ஆவணமே இல்லாமல் இரு நாட்டு மக்கள் சந்திக்க இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்ட ஒரு இடமும் நமக்குத் தெரியும். 1974 ஒப்பந்தத்தின்படி இந்திய மீனவரும் பக்தரும் கச்சத்தீவுக்குப் போகப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை. ஆண்டுதோறும் அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் போகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து இந்தியத் துணைத் தூதரும் வருகிறார். கொடியேற்றம், சிலுவைப்பாதை, திருப்பலி, சாப்பாடு எல்லாம் நடக்கிறது. சிறையில் கிடப்பவரின் அண்ணனும் அவரைச் சிறையில் பார்த்த அதிகாரியும் ஒரே மணலில் நிற்கக்கூடிய நாள் ஆண்டில் அதுவொன்றுதான். 2024-ல் மீனவர்களுக்குச் சிறைத்தண்டனை விழுந்த கோபத்தில் ராமேஸ்வரத்துக்காரர்கள் அந்தத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த இரண்டு நாட்களில் ஒரு மேசை போட்டு, வழக்கு நிலவரத்தைத் தமிழில் சொல்ல ஒருவரை உட்காரவைக்கலாம் என்று எந்த அரசுக்கும் தோன்றியதில்லை.

மீனவர் சிக்கலுக்காக இரு நாடுகளும் 2016-ல் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. அதன் ஆறாவது கூட்டம் 2024 அக்டோபரில் கொழும்பில் நடந்தது. படகுகள், இழுவைமடி, கடற்படையின் நடவடிக்கை என்று பேசுபொருள்கள் பழையவை. ஒவ்வொன்றும் முட்டி நிற்கும் இடமும் பழையதே. கைதான 24 மணி நேரத்துக்குள் பெயர்ப் பட்டியல் யாழ்ப்பாணத்திலிருந்து நேராக மாவட்ட ஆட்சியருக்கு வருவதையும், மண்டபத்தில் தூதரக முகாம் நடப்பதையும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்க எந்த நாடும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ராமநாதபுரத்தின் மக்களவை உறுப்பினரும் மீனவர் சங்கங்களும் அந்தத் தேதிக்கு முன்னால் டெல்லியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த இரண்டு வரிகளும் அதில் இருக்கின்றனவா என்பதுதான்.